வான்கோழி வேட்டையில் கொயோட்டி வந்து நின்றால்: சுடுவதா, விடுவதா, குளிர்காலத்தில் பார்த்துக்கொள்வதா?

அமெரிக்காவின் தென்கிழக்கில், முக்கியமாக ஜார்ஜியா, தென் கரோலினா பக்கம், வசந்தகால வான்கோழி வேட்டைக்குப் புதிதாகப் போகத் தொடங்கியிருக்கும் நம் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விடியற்காலையில் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து பெட்டை வான்கோழி மாதிரிக் குரல் கொடுக்கிறோம், சேவல் வரவேண்டிய இடத்தில் ஒரு கொயோட்டி (ஓநாயைவிடச் சிறிய வட அமெரிக்கக் காட்டு நாய்) வந்து நிற்கிறது, மடியில் நிரப்பிய ஷாட்கன் (ரவைகளைச் சிதறிச் சுடும் துப்பாக்கி) இருக்கிறது, என்ன செய்வது? கூட வரும் உள்ளூர்க்காரர்களில் பலர் "யோசிக்கவே யோசிக்காதே, சுடு, வான்கோழியைக் காப்பாற்றியதாக இருக்கும்" என்பார்கள். வேறு சிலர் "நீ வந்தது எதற்கு, அதை மட்டும் பார்" என்பார்கள். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் முடிவெடுக்க முடியாமல் திணறுகிறோம்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வான்கோழிகளைக் காப்பாற்றுகிறோம் என்ற காரணத்துக்காகச் சுடுவதில் பயன் மிகக் குறைவு. சுடுவதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம், அவை இருந்தால் சுடலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விரிவாகப் பார்ப்போம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் சட்டம். "கொயோட்டிக்கு வருஷம் பூரா சீசன்" என்று எல்லோரும் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. ஜார்ஜியாவிலும் டெக்சாஸிலும் அது சரி. ஆனால் நியூயார்க்கில் கொயோட்டி சீசன் அக்டோபர் 1 அன்று தொடங்கி மார்ச் கடைசியோடு முடிந்துவிடுகிறது, அங்கே வசந்தகால வான்கோழி வேட்டையோ மே மாதத்தில். ஆக, மே மாதம் நியூயார்க் காட்டில் உங்கள் முன்னால் வந்து நிற்கும் கொயோட்டியைச் சுட்டால் அது குற்றம், பேச்சே கிடையாது. மாசசூசெட்ஸிலும் அப்படித்தான், மார்ச் மாதத்திலேயே மூடிவிடுகிறார்கள். பென்சில்வேனியாவில் வருடம் முழுக்கத் திறந்திருந்தாலும், வான்கோழி சீசன் நடக்கும்போது சட்டப்படி வான்கோழி வேட்டையில் இருப்பவரோ, ரோமவிலங்கு உரிமம் வைத்திருப்பவரோதான் சுடலாம். இதற்கு மேல் வனவிலங்கு மேலாண்மைப் பகுதி, தேசியக் காடு, வனவிலங்குச் சரணாலயம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி விதி உண்டு. கிளம்புவதற்கு முன்னால் அந்த வருடத்து விதிப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிடுங்கள், போன வருடத்தது உதவாது.

சட்டத்தில் யாரும் கவனிக்காத ஒரு மூலை தோட்டா. வான்கோழி வேட்டையில் எவ்வளவு பெரிய ரவை போடலாம் என்பதற்குப் பல மாநிலங்களில் வரம்பு இருக்கிறது. மிசோரியில் 4ஆம் எண்ணுக்கு மேல் பெரிய ரவை கூடாது (எண் குறையக் குறைய ரவை பெரிது), பென்சில்வேனியாவிலும் ஈய ரவைக்கு அதே வரம்பு. கொயோட்டி வந்தால் இருக்கட்டும் என்று, பெரிய மிருகங்களுக்கான பெரிய ரவை அடைத்த நாலைந்து பக்‌ஷாட் தோட்டாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனால், சோதனைக்கு வரும் அதிகாரியிடம் அது எதற்கு என்று நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும். மின்னணு அழைப்புக் கருவியும் அப்படியே. கொயோட்டி வேட்டைக்குப் பல இடங்களில் அனுமதி உண்டு, வான்கோழி வேட்டைக்குப் பெரும்பாலான மாநிலங்களில் கிடையாது. இரண்டு வேட்டையையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போவதில் இப்படிச் சிக்கல்கள் உண்டு.

இரண்டாவது பாதுகாப்பு. மூன்றாவது, அந்த மிருகம் துடிக்காமல் உடனே சாகுமா என்பது. நான்காவது, வான்கோழிகளுக்கு உண்மையிலேயே நன்மை உண்டா. ஐந்தாவது, நிலத்துக்காரர் என்ன விரும்புகிறார். கடைசியாக, அன்றைய வேட்டை என்ன ஆகும், செத்த உடலை என்ன செய்வது. இந்த வரிசையில்தான் நான் யோசிப்பேன். முதல் மூன்றில் ஒன்று இடித்தாலும் மேலே போகத் தேவையில்லை.

## வழி ஒன்று: வந்த இடத்திலேயே சுடுவது

இதன் பெரிய கவர்ச்சி, வாய்ப்பு தானாக வந்து நிற்பதுதான். கொயோட்டி சாதாரணமாக மனிதன் கண்ணில் படாது. நீங்களோ உடல் முழுக்க இலைதழை நிறத்தில் உடுத்தி, அசையாமல் உட்கார்ந்து, அதற்குப் பிடித்த இரையின் குரலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். குரலை நம்பி 20 கஜத்துக்குள் வந்துவிடும். வேண்டுமென்றே தேடிப் போனால் இப்படி ஒரு வாய்ப்புக்கு நாள்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

ஆனால் கையில் இருப்பது வான்கோழித் தோட்டா. அது வேறொரு வேலைக்காகச் செய்யப்பட்டது. வான்கோழியை நாம் தலையிலும் கழுத்திலும்தான் சுடுகிறோம், நூற்றுக்கணக்கான சின்ன ரவைகளில் சில மூளையிலோ கழுத்தெலும்பிலோ பட்டால் போதும். இப்போது பலரும் வாங்கும் டங்ஸ்டன் தோட்டாவில் 9ஆம் எண் ரவை, அதாவது 2 மில்லிமீட்டர் தடிமன். ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் டங்ஸ்டன் ரவைக்கு 18, அதனால்தான் அவ்வளவு சின்ன ரவையும் 40 கஜத்தில் சேவலைச் சாய்க்கிறது. கொயோட்டிக்கு என்று போகிறவர்கள் போடும், தனி எண் வரிசை கொண்ட 4ஆம் எண் பக்‌ஷாட் 6 மில்லிமீட்டர். வித்தியாசத்தைப் பாருங்கள். நெஞ்சுக்கூடு, தோள் தசை, அடர்ந்த ரோமம் எல்லாம் தாண்டி உள்ளே போக சின்ன ரவைக்கு வலு பத்தாது. 20, 25 கஜத்துக்குள், தலையைக் குறி வைத்தால் உடனே விழும். 40 கஜத்தில் பக்கவாட்டில் நிற்கும் கொயோட்டியை வான்கோழித் தோட்டாவால் சுட்டால், அது ஓடிப்போய் எங்கேயோ புதரில் இரண்டு மூன்று நாள் கிடந்து சாகும். அப்படிச் செய்வதை என்னால் எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க முடியாது. எதிரி என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு மிருகத்துக்கு நாம் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சம் விரைவான சாவு.

சரி, பக்‌ஷாட் அனுமதிக்கும் மாநிலம், பக்‌ஷாட்டையே மாற்றிப் போட்டுக்கொள்ளலாமே என்றால், வான்கோழிக்குப் போடும் மிகக் குறுகிய சோக் (ரவை சிதறாமலிருக்கக் குழல் வாயில் பொருத்தும் குறுக்கி) வழியாகப் பக்‌ஷாட்டைச் சுடக்கூடாது என்று சோக் செய்கிறவர்கள் பலர் எழுதியே கொடுத்திருக்கிறார்கள். அதோடு கொயோட்டி முன்னால் நிற்கும்போது துப்பாக்கியைத் திறந்து தோட்டா மாற்றினால் அது நின்று பார்த்துக்கொண்டா இருக்கும்?

பாதுகாப்பு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வான்கோழிக் காட்டில் இருப்பவர்கள் எல்லோருமே மறைவாக உடுத்தியிருப்பார்கள், எல்லோருமே கோழி மாதிரிக் கத்திக்கொண்டிருப்பார்கள். சேவலின் தலை நிறங்கள் என்பதால் சிவப்பு, வெள்ளை, நீலம் உடம்பில் தெரியக் கூடாது என்று வேட்டைப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லித்தருவது இதனால்தான். சேவல் வரும்போது நீங்கள் அதன் நெஞ்சில் தொங்கும் தாடியைப் பார்க்க வேண்டும், தலையைப் பார்க்க வேண்டும், அதனால் இயல்பாகவே நிதானம் வருகிறது. கொயோட்டி அப்படி வராது. பக்கவாட்டிலிருந்தோ முதுகுப் பக்கத்திலிருந்தோ தரையோடு தரையாகப் பதுங்கி வரும், திடீரென்று தெரியும், ஓடிவிடுமோ என்ற அவசரத்தில் துப்பாக்கி சட்டென்று திரும்பும். பக்கத்தில் உங்கள் நண்பரோ பையனோ உட்கார்ந்திருந்தால் துப்பாக்கி வாய் அவர்களைத் தாண்டித்தான் திரும்பும். முன்பக்கத்து அரைவட்டத்துக்கு வெளியே வருகிற கொயோட்டியைத் தொடவே வேண்டாம்.

அப்புறம், அது கொயோட்டிதானா? ஆடு மேய்க்கும் பண்ணைகளில் பெரிய காவல் நாய்கள் சுற்றும், பக்கத்து வீட்டு ஜெர்மன் ஷெப்பர்ட் கலப்பு நாய் அரைவெளிச்சத்தில் கொயோட்டி போலவே இருக்கும். வட கரோலினாவின் கிழக்கு ஓரத்தில், ஆலிகேட்டர் ரிவர் சரணாலயத்தைச் சுற்றி, சிவப்பு ஓநாய்கள் காட்டில் வாழ்கின்றன, உலகத்திலேயே அந்த இனம் இயற்கையில் மிஞ்சியிருப்பது அங்கே மட்டும்தான், அதுவும் கைவிரல்களில் எண்ணுகிற நிலைக்கே ஒரு கட்டத்தில் போய்விட்டது. அது அழியும் இனங்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. டேர், ஹைட், டிரெல், வாஷிங்டன், பியூஃபோர்ட் ஆகிய ஐந்து மாவட்டங்களில் கொயோட்டி வேட்டைக்கே தனிக் கட்டுப்பாடு கொண்டுவந்ததற்குக் காரணம், கொயோட்டி என்று நினைத்துச் சிவப்பு ஓநாயைச் சுட்டுவிடுவதுதான். அந்தப் பக்கம் வான்கோழிக்குப் போகிறவர்களுக்கு என் பதில் ஒரே சொல்: விடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத மற்ற செலவுகள் சிறியவை, ஆனால் உண்டு. வெடிச்சத்தம் கேட்டதும் அருகில் இருந்த சேவல் வாயடைத்துப் போகலாம். சில சேவல்கள் சத்தத்துக்குப் பதில் கத்தவும் செய்யும், ஆனால் நம்பிக்கையோடு இருக்க முடியாது. வசந்தத்தில் ரோமம் உதிர்ந்துகொண்டிருக்கும், தோலுக்கு மதிப்பே கிடையாது. குளிர்காலத் தோலுக்குமே விலை போய்விட்டது, கோட்டுத் தொப்பியின் ஓரத்தில் கொயோட்டி ரோமம் வைத்துத் தைத்த கனடா கூஸ் நிறுவனம் 2021இல் ரோமத்தைக் கைவிடுவதாக அறிவித்த பிறகு கேட்கவே வேண்டாம். ஆக உடலை என்ன செய்வது? நிலத்துக்காரரிடம் கேட்டு அவர் சொல்லும் இடத்தில் புதைக்க வேண்டும், கையுறை இல்லாமல் தொடக்கூடாது, சொறியும் உண்ணியும் சர்வ சாதாரணம். சாலையோரத்தில் எறிந்துவிட்டு வருபவர்களால்தான் வேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் கெட்ட பெயர்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கொயோட்டி குட்டி போடும் காலமும் வான்கோழி சீசனும் ஒன்று. ஜனவரியிலிருந்து மார்ச் வரை இணை சேரும், ஏறக்குறைய 63 நாளில் குட்டி. ஏப்ரல், மே மாதத்தில் நீங்கள் சுடுவது பால் கொடுக்கும் தாயாக இருந்தால் வளைக்குள் இருக்கும் கண் திறக்காத குட்டிகளும் பட்டினியால் சாகும். சிலருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, இன்னும் சிலர் அதுதான் வேண்டும் என்பார்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

## அது வான்கோழிக்கு நல்லதுதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதெல்லாம், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பேசுவோம்.

கொயோட்டி வான்கோழி தின்னுமா? தின்னும். பெட்டைக் குரலுக்கு ஓடி வருவதே அதற்குச் சாட்சி. ஆனால் வான்கோழிக் கூட்டம் வளர்வதும் தேய்வதும் பெரும்பாலும் தரையில் இருக்கும் கூட்டில்தான் முடிவாகிறது. பெட்டை தரையில் குழி பறித்துப் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும், 28 நாள் அடைகாக்கும், குஞ்சு பொரித்த பிறகும் கிட்டத்தட்ட இரண்டு வாரம் அவற்றால் மரத்தில் ஏற முடியாது, இரவில் தாயின் இறக்கைக்கடியில் தரையிலேயே படுக்கும். இந்த ஒன்றரை மாதத்தில் முட்டையையும் குஞ்சையும் தின்ன ரக்கூன், ஸ்கங்க், ஒப்போசம், காக்கை, பாம்பு, நரி, காட்டுப்பூனை என்று பெரிய வரிசையே நிற்கிறது. கொயோட்டி அந்த வரிசையில் ஒன்று. அதன் சாப்பாட்டில் பெரும்பகுதி எலி, முயல், மான்குட்டி, செத்த விலங்கு, பழம். அதோடு ரக்கூனையும் நரியையும் கொயோட்டி விரட்டியும் கொன்றும் வைக்கிறது. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ பள்ளத்தாக்குகளில் செய்த ஆய்வு ஒன்று 1999இல் வெளியானது, கொயோட்டி இல்லாத இடங்களில் பூனை போன்ற சிறிய வேட்டை விலங்குகள் பெருகிப் பறவைகள் குறைந்தன என்று அதில் காட்டினார்கள். ஜார்ஜியாவின் பைன் காடு அந்தப் பள்ளத்தாக்கு இல்லை, அதை இங்கே அப்படியே பொருத்த முடியாது, ஆனாலும் "ஒன்று போனால் நல்லது" என்ற கணக்கு அவ்வளவு நேரானது இல்லை என்பதற்கு இது போதும்.

எண்ணிக்கைக் கணக்கு இன்னும் கடினம். 1975இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கானலியும் லாங்ஹர்ஸ்ட்டும் செய்த கணிப்பின்படி, கொயோட்டியில் முக்கால்வாசியை வருடா வருடம் கொன்றுகொண்டே வந்தாலும் ஒரு இடத்தில் முழுதாக ஒழிக்க ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகும். ஒரு ஜோடி போனால் நிலம் தேடி அலையும் இளசுகள் வந்து உட்கார்ந்துவிடும், மிச்சமிருப்பவை அதிகக் குட்டி போடும். அரசின் வனவிலங்குச் சேவைத் துறை ஆண்டுதோறும் பல பத்தாயிரம் கொயோட்டிகளைக் கொல்கிறது. அப்படியும் ஒரு காலத்தில் பெரும்பாலும் நாட்டின் மேற்குப் பக்கத்தில் இருந்த மிருகம் இன்று அட்லாண்டா, சிகாகோ தெருக்களில் நடக்கிறது. இதில் நீங்கள் ஏப்ரலில் சுடும் ஒன்று ஆற்றில் கரைத்த புளி.

மான்குட்டி விஷயம் வேறு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தென் கரோலினாவின் சவானா ரிவர் நிலப்பகுதியில் செய்த ஆய்வில் மான்குட்டிகள் சாவதற்குப் பெரிய காரணம் கொயோட்டிதான் என்று தெளிவாகத் தெரிந்தது. அங்கே மூன்று வருடம் தொடர்ந்து பொறி வைத்துக் கொயோட்டியை அகற்றிப் பார்த்தார்கள். அப்படியும் பிழைத்த குட்டிகளின் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கியது, எதிர்பார்த்த அளவு பலன் இல்லை. தொழில்முறையாகப் பொறி வைப்பவர்களே இப்படித் திணறும்போது, மரத்தடியில் உட்கார்ந்து ஒன்றைச் சுடுவதற்கு எவ்வளவு பலன் இருக்கும்?

## வழி இரண்டு: விட்டுவிடுவது

விடுவதில் சட்டச் சிக்கல் இல்லை, ஆபத்து இல்லை, காயப்பட்டு ஓடும் மிருகம் இல்லை. ஆனால் விட்டாலும் காலை வேட்டை கெடத்தான் செய்யும். கொயோட்டி பொம்மைக் கோழி மேல் பாய்ந்து கடித்துக் குதறலாம், அல்லது அருகில் வந்துகொண்டிருந்த சேவல் அதைக் கண்டு ஓடிவிடலாம். பக்கத்தில் சேவல் இல்லை என்றால் கையை மெல்ல உயர்த்தினால் போதும், மனித வாசனையும் அசைவும் தெரிந்ததும் போய்விடும். குரல் கொடுப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, முடிந்தால் இடம் மாற்றி உட்காருங்கள். கொயோட்டி போன பிறகு அதே இடத்துக்குச் சேவல் வந்ததைப் பார்த்தவர்கள் நிறைய உண்டு.

பொதுநிலத்தில் வேட்டையாடுபவர், பக்கத்தில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாதவர், குழந்தையைக் கூட்டிப்போனவர், முதல் இரண்டு சீசனில் இருப்பவர், இவர்கள் எல்லோருக்கும் இதுதான் சரியான வழி. சேவல் எங்கோ பதில் கத்திக்கொண்டிருந்தால் அனுபவசாலிக்கும் இதுதான்.

## வழி மூன்று: குளிர்காலத்தில் தனியாக வருவது

கொயோட்டியைக் குறைக்க வேண்டும் என்று நிஜமாகவே நினைப்பவர்களுக்கு இதை விட்டால் வேறு வழி இல்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இலை உதிர்ந்து தூரம் தெரியும், ரோமம் நிறைந்திருக்கும், குட்டிகள் இல்லை, காட்டில் மறைந்து உட்கார்ந்து கோழி மாதிரிக் கத்துகிறவர்களும் இல்லை. .223 அல்லது .243 ரைஃபிளோடு, குண்டு போய் நிற்க மேடான மண் பின்னால் இருக்கிறதா என்று பார்த்து, முயல் அலறும் சத்தத்தைப் போட்டு உட்கார்ந்தால் 150 கஜத்திலும் ஒரே குண்டில் விழும். செலவு உண்டு: தனி ரைஃபிள், கருவி, குளிரில் வீணாகும் பல காலைகள், நிலத்துக்காரரிடம் மறுபடி அனுமதி. பொறி வைக்கத் தனி உரிமம் வேண்டும், பொறியைத் தினமும் போய்ப் பார்க்க வேண்டும். வார இறுதியில் மட்டும் நேரம் கிடைப்பவர்களுக்கு அது ஒத்துவராது.

வான்கோழிக்காகவே செய்கிறீர்கள் என்றால் அதே குளிர்காலத்தில் ரக்கூனுக்குப் பொறி வையுங்கள், அதுவும் கூடு கட்டும் காலத்துக்குச் சற்று முன்னால், இல்லையென்றால் காலியான இடம் திரும்ப நிறைந்துவிடும். அதைவிடவும் மேல், நிலம் உங்கள் பொறுப்பில் இருந்தால், பைன் மரங்களுக்கடியில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கட்டுப்படுத்திய தீ வைப்பது. புல்லும் பூச்சியும் பெருகும், பெட்டைக்கு மறைவு கிடைக்கும், குஞ்சுக்குத் தீனி கிடைக்கும். மறைவு நன்றாக இருக்கும் கூட்டைக் கொயோட்டியும் கண்டுபிடிக்காது, ரக்கூனும் கண்டுபிடிக்காது. ஜார்ஜியா 2022இல் வான்கோழி வரம்பை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, சீசனையும் தள்ளித் தொடங்கியதும் இதே நோக்கில்தான்: சேவல்கள் இணை சேர்ந்து முடிக்கட்டும், பெட்டைகள் கூட்டில் உட்காரட்டும் என்று.

## அப்படியானால் எப்போது சுடுவது சரி

நிலத்துக்காரருக்கு ஆடோ கன்றோ இருக்கிறது, ஆட்டுக்குட்டியையோ கன்றையோ கொயோட்டி தூக்கிப் போகிறது, "பார்த்தால் சுடுங்கள்" என்று அவரே கேட்டிருக்கிறார் என்றால் எனக்குத் தயக்கம் இல்லை. தன் குட்டிகளுக்கு இரை தேடும் வசந்தத்தில்தான் கொயோட்டி பெரிய இரைகளை அதிகம் தாக்குகிறது, அந்தக் குறிப்பிட்ட பண்ணையைச் சுற்றி இருக்கும் குறிப்பிட்ட ஜோடியை அகற்றுவது அந்த வருடத்து ஆட்டுக்குட்டிகளையும் கன்றுகளையும் காப்பாற்றும். அங்கே ஒரு கொயோட்டிக்கும் கணக்கு உண்டு. சொறி பிடித்து, ரோமம் கொட்டி, எலும்பும் தோலுமாக நடக்கும் கொயோட்டியையும் சுடலாம், சட்டம் இடம் கொடுத்தால்.

அப்போதும் 25 கஜத்துக்குள், நின்றுகொண்டு, தலை தெரிந்து, பின்னால் வெறும் மண் இருந்து, அது நாய் இல்லை என்று கழுத்துப் பட்டையிலிருந்து வால் வரை பார்த்து உறுதி செய்த பிறகு மட்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பாதுகாப்பு விசையை எடுக்காதீர்கள். நிலத்துக்காரரிடம் அன்று மாலையே எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எத்தனை மணிக்கு, தனியாகவா ஜோடியாகவா என்று சொல்லுங்கள். குளிர்காலத்தில் பொறி வைக்கப் போகிறவருக்கு, நீங்கள் சுட்டாலும் விட்டாலும், அந்தத் தகவல் உதவும்.